ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடியவள்

வேறு ரோடே கிடைக்கவில்லையா இவனுக்கு? பேயைக் கொண்டுபோய் நிறுத்த உலகத்தில் ரோட்டுக்கா பஞ்சம்? ஆற்றங்கரை ரோடு இருக்கிறது. சுடுகாட்டை ஒட்டிய மண் பாதை இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு, மூடிக் கிடக்கும் மில்லின் மதிலை ஒட்டிப் போகிற அந்த ரோட்டில்தான் வேனை விட வேண்டுமா?

அக்கா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நீட்டியிருந்த காலை மெதுவாக மடக்கிச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். இருட்டில் அதை யாரும் கவனிக்கவில்லை.

"மணி ரெண்டு, ரெண்டரை இருக்கும்," என்று குரலைத் தாழ்த்தினான் டப்பா. "அப்பதான் மழை விட்டிருக்கு. ஒரு பக்கம் மில்லு மதில். இன்னொரு பக்கம்... ஒண்ணுமே இல்ல. வெறும் இருட்டு. என் ஃப்ரெண்டோட சித்தி தனியா வேன் ஓட்டிட்டு வருது..."

"உன் ஃப்ரெண்டுக்கு மொத்தம் எத்தனை சித்திடா?" என்றாள் டீச்சர். "போன மாசம் ஒரு சித்தி கிணத்துக்குள்ள பேயைப் பார்த்தாங்களே?"

"அது பெரிய சித்தி. இது சின்ன சித்தி. குறுக்க பேசினா கதை நின்னுரும், சொல்லிட்டேன்."

"நிக்கட்டும். மழையும் சேர்ந்து நின்னா வீட்டுக்காவது போகலாம்."

மழை நிற்கிற மழையாக இல்லை. நூலகத்துக்கு மேலே இரண்டே அறைகளில் நடக்கும் சின்னச் சமுதாய வானொலி நிலையம் அது. நேரலை பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனது. பேட்டரி கொஞ்ச நேரம் முக்கி முனகிவிட்டுக் கையை விரித்தது. டீச்சர் பாடிக்கொண்டிருந்த வரி அந்தரத்தில் அறுந்து, நிலையம் ஊமையானது. மாடிப்படியில் தண்ணீர் அருவிபோல இறங்கிக்கொண்டிருந்தது. ஒழுகாத இடம் ஒலிப்பதிவு அறை ஒன்றுதான். ஆகவே நாலு பேரும் அதற்குள் அடைந்து, கம்பளம் விரித்த தரையில் முட்டியும் முட்டியும் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மாமா தன் போனின் டார்ச்சை எரியவிட்டு, அதன்மேல் ஒரு தண்ணீர் பாட்டிலை நிறுத்தியிருந்தார். பாட்டில் விளக்காகி நின்றது. சுவரெல்லாம் ஒட்டியிருந்த கறுப்பு ஸ்பாஞ்சு அந்த வெளிச்சத்தில் பாதியைத் தின்றுகொண்டிருந்தது.

மாமா அங்கே யாருக்கும் சொந்த மாமா இல்லை. டிரான்ஸ்மிட்டரைப் பார்த்துக்கொள்பவர். அது லேசாக இருமினால்கூட இவருக்குத் தூக்கம் போய்விடும். டீச்சர் பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள். மாலையில் கீபோர்டை வைத்துக்கொண்டு தானே எழுதிய பாட்டைத் தானே பாடுவாள். தலைமையாசிரியருக்கு இந்த விஷயம் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருக்கிறார். டப்பா பெயின்ட் கடையில் வேலை பார்த்தபோது காலி டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் பழகியவன். அவன் வாசித்ததை முதன்முதலில் காற்றில் விட்டது இந்த நிலையம்தான். எங்கோ ஒரு சலூனில் முடிவெட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டுக் குழுக்காரர் காதில் அது விழுந்தது. இன்றைக்கு டப்பாவிடம் உண்மையான டிரம்ஸ் செட் இருக்கிறது. பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை.

இப்படி எத்தனையோ பேர். எந்தக் கம்பெனியும் சீந்தாதவர்கள், எந்த மேடையிலும் பெயர் கூப்பிடப்படாதவர்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் அவர்களுக்கு என்று ஒதுக்கியது, நிலையத்தை நடத்தும் அக்காதான். பாட்டு சொந்தமாக இருக்க வேண்டும். பதிவு சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டே நிபந்தனைகள்.

இரண்டாவது நிபந்தனையை அவள் போட்டிருக்க வேண்டாம்.

"சித்தி பேக்கரி வேன் ஓட்டுது," என்றான் டப்பா. "ராத்திரி அடுப்புல வேகிற பிரெட்டை விடியறதுக்குள்ள கடை கடையா போடணும். பின்னாடி எல்லாம் சூடு பிரெட்டு. அந்த வாசனைக்குத் தூக்கம் சொக்கும். அதனால ரெண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கி விட்டுட்டுத்தான் ஓட்டும். இதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. ரெண்டு கண்ணாடியும் கீழ இருக்கு."

"வச்சாச்சு," என்றார் மாமா.

"ரேடியோவை அணைச்சுதான் வச்சிருக்கு. நம்ம ஸ்டேஷன்தான் எப்பவும் வைக்கும். ஆனா நாமதான் பத்து மணிக்கே போர்த்திட்டுப் படுத்துருவோமே. அந்த நேரத்துல வச்சா வெறும் இரைச்சல்தான். அதனால அணைச்சிருக்கு... திடீர்னு அது எரியுது. சின்னப் பச்சை லைட்டு."

"பாட்டு வந்துச்சா?"

"இல்ல டீச்சர். அதுதான் விஷயமே. ஒண்ணும் வரல. அது எரிஞ்சதும்... இருந்த சத்தமும் போயிருச்சு. இன்ஜின் சத்தம் போச்சு. வண்டி ஓடுது. ஸ்டியரிங் கையில நடுங்குது. ஆனா சத்தம் இல்ல. டயர்ல தண்ணி தெறிக்குது, கண்ணுக்குத் தெரியுது... சத்தம் இல்ல. சித்தி பயந்து ஹாரனை அழுத்துது. அதுவும் ஊமை."

"காதடைப்பு," என்றார் மாமா. "ஈரக் காத்துல அப்படி ஆகும். எனக்கு ஆயிருக்கு."

"உங்களுக்கு வயசாயிருக்கு மாமா. சித்திக்கு முப்பத்தெட்டுதான்."

டீச்சர் சிரித்தாள். அக்காவும் சிரித்து வைத்தாள். இன்னும் ஒன்றும் ஆகிவிடவில்லை என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பேய்க் கதை என்றால் சத்தம் நிற்கத்தான் செய்யும். மில் ரோடு என்றால் மில் ரோடு. ஊரில் பாதிப் பேர் அந்த வழியாகத்தான் போகிறார்கள்.

"அப்புறம் ஒரு வாசனை," என்றான் டப்பா. "பிரெட்டு வாசனை இல்ல. ஈரத்துணி மேல சூடு பட்டா ஒண்ணு வருமே... ஆவி மாதிரி... கூடவே கரி எரியுற வாசனை."

அக்கா சால்வையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள். குளிருக்கு மூடுவது போல.

அந்த ரோடு வளையும் இடத்தில் ஒரு இஸ்திரிக் கடை இருந்தது. கடை என்றால் ஒரு மேசை, ஒரு கரிப்பெட்டி, மடித்த துணிகள் அடுக்கிய பலகை, பின்னால் படுத்துக்கொள்ள ஓர் இடம். அதை நடத்திய பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. துணி கொடுக்கப் போகிறவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருவார்கள். பெட்டியைத் தேய்த்துக்கொண்டே அவள் பாடுவாள். எல்லாம் அவளே கட்டிய பாட்டு. யாரோ சொல்லி, ஒரு நாள் போனை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தாள். படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள், "அக்கா, கேட்டுட்டுச் சிரிக்கக் கூடாது," என்றாள்.

'காலர் மடிச்ச கைக்குள்ள காலம் மடிஞ்சு போகுதடி' என்று தொடங்கியது பாட்டு. அக்காவுக்கு முழங்கை வரை சிலிர்த்தது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஸ்ஸ்... என்று ஒரு சீறல்.

"பாட்டு அருமையா இருக்கும்மா. அது என்ன பின்னாடி ஒரு சத்தம்?"

"அது என் பெட்டிக்கா. தண்ணி தெளிச்சுத் தேய்ச்சா சீறும். அதுவும் என்கூடச் சேர்ந்து பாடுது."

"அது பாட வேண்டாம். நீ மட்டும் பாடு."

நகைச்சுவையாகத்தான் சொன்னாள். அந்தப் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போய்த் திரும்பவும் பதிவு செய்துகொண்டு வந்தாள். இந்தத் தடவை பஸ் ஹாரன். அடுத்த தடவை மின்விசிறி. ஒவ்வொரு தடவையும் அக்கா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சுத்தமாக வேண்டும் என்றாள். நல்ல பாட்டு என்பதால்தான் அவ்வளவு பிடிவாதம். இப்படித்தான் பின்னால் அவள் தனக்குத்தானே வக்காலத்து வாங்கிக்கொண்டாள். அதில் பொய்யும் இல்லை.

வீட்டில் பதிவு செய்கிறவர்களுக்காக அக்காவே ஒரு குறிப்பு எழுதி, தன் குரலிலேயே பதிவு செய்து, நிகழ்ச்சிக்கு நடுவில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தாள். ஊர் அடங்கிய பிறகு பாடுங்கள். கதவு ஜன்னல்களைச் சாத்துங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கதவிடுக்கில் துணி வைத்து அடையுங்கள். அந்தக் குறிப்பில் அவளுக்கு ஒரு சின்ன கர்வமும் இருந்தது. அதைக் கேட்டு எத்தனை பேர் சமையலறையிலும் துணி அலமாரிக்குள்ளும் உட்கார்ந்து அழகாகப் பாடி அனுப்பினார்கள்!

கடைசியாக வந்த அன்று மாலை அந்தப் பெண் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். "இங்கயே ஒரு தடவை பாடிட்டுப் போயிரட்டுமாக்கா? இந்த ரூம்புல சத்தமே இல்லையே."

அறை காலியாகத்தான் இருந்தது. இதே அறை. வருவதாக இருந்த குழு அன்று வரவில்லை. மாமா லீவு. அக்காவுக்குக் காலையிலிருந்து இடுப்பு வலி. வீட்டுக்குப் போய்க் கட்டையைச் சாய்த்தால் போதும் என்றிருந்தது. மைக்கை மாட்டி, எல்லாவற்றையும் எரியவிட்டு, மறுபடி அணைத்து...

"வரிசை இருக்கேம்மா," என்றாள். "உனக்கு முன்னாடி எத்தனை பேர் காத்திருக்காங்க தெரியுமா? ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. நீ வீட்டுலயே பாடு. நான் சொன்ன மாதிரி எல்லாத்தையும் நல்லா சாத்திட்டுப் பாடு."

"சரிக்கா," என்று போய்விட்டாள். முகம் வாடவில்லை. வாடியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அக்காவுக்கு இப்போது தோன்றும்.

அன்று இரவு நல்ல குளிர். பெட்டியில் கங்கு அணையவில்லை. மறுநாள் துணி வாங்கப் போனவர்கள்தான் கதவை உடைத்தார்கள். மடித்த சட்டைகளின்மேல் சாய்ந்து, தூங்குகிறவள் மாதிரி இருந்தாளாம். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கரிப்புகை, மூடிய அறை என்றார்கள். "அப்படி என்ன குளிரு, கதவிடுக்கில்கூடத் துணி வச்சு அடைச்சிருக்கா பாவம்," என்று ஊரே உச்சுக்கொட்டியது. குளிருக்கு அடைக்கவில்லை என்று அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும். செய்தி வருவதற்கு முன்பே, காலையில் எழுந்தபோதே, பாட்டு அவள் போனுக்கு வந்து சேர்ந்திருந்தது.

டப்பா தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். நிழல்கள் இடம் மாறின.

"அப்பதான் ரேடியோல ஒரு பொம்பளைக் குரல். பக்கத்து சீட்டுல உக்காந்து பேசுற மாதிரி. அவ்வளவு சுத்தம். இரைச்சல் இல்ல, ஒண்ணும் இல்ல. மூச்சு விடுறதுகூடக் கேக்குது. அந்தக் குரல் சொல்லுது..."

நிறுத்தினான். நல்ல கதைசொல்லி, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவன்.

"சொல்லித் தொலைடா," என்றாள் டீச்சர்.

"'அக்கா... நீங்க சொன்ன மாதிரியே எல்லாத்தையும் சாத்திட்டேன்.'"

மழை ஜன்னல் கண்ணாடியில் மங்கலாக அடித்துக்கொண்டிருந்தது. அக்காவின் கை, கம்பளத்தின் ஓரத்து நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நூல் வந்துகொண்டே இருந்தது.

அந்த வாக்கியத்தை அவள் உயிருள்ள ஒருவரிடமும் சொன்னதில்லை. அது அந்தப் பெண் பதிவில் பாட்டுக்கு முன்னால் பேசியது. 'அக்கா, நீங்க சொன்ன மாதிரியே எல்லாத்தையும் சாத்திட்டேன். இப்ப ஒரு சத்தமும் இல்லக்கா, கேளுங்க.' அதன்பின் பாட்டு. அப்படிச் சுத்தமான பதிவை அக்கா தன் வாழ்நாளில் கேட்டதில்லை. கங்கு நொறுங்கும் ஓசை மட்டும் எங்கோ, மிக மெல்ல. கடைசி அடியில் சொற்கள் கொஞ்சம் குழறும். தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல.

இறந்தவளின் அண்ணன் பத்து நாள் கழித்து நிலையத்துக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். "அவ போன்ல பூட்டுப் போட்டிருக்கா. திறக்கத் தெரியல. உங்களுக்கு ஏதாச்சும் பாட்டு அனுப்பினாளாம்மா? குரலையாவது கேட்டுக்கலாம்னு..."

"வரலையே," என்றாள் அக்கா.

அவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

முன்னால் பேசியதை மட்டும் வெட்டிவிட்டுப் பாட்டை ஒலிபரப்பிவிடலாம் என்றுதான் நினைத்தாள். வெட்டுவதும் ஒட்டுவதும் அவள் தொழில். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, அந்த வாக்கியத்தை வெட்டினாள். சேமித்தாள். திரும்பப் போட்டாள். 'அக்கா, நீங்க சொன்ன மாதிரியே...' தவறான பிரதியைத் திறந்திருப்போம் என்று மறுபடி வெட்டினாள். மறுபடி அதே குரல், அதே இடத்தில். மூன்றாவது தடவை வெட்டியபோது அந்தக் குரல் பேசவில்லை. பேசப் போகிறவர் இழுக்கும் மூச்சு மட்டும் கேட்டது. ஹெட்போனைக் கழற்றி வைத்தவள், அதன்பின் அந்த ஃபைலைத் தொடவில்லை. அழிக்கவும் இல்லை. வானொலியில் தன் குறிப்பை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டாள். ஏன் எடுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. யாராவது கேட்டிருக்கலாம்.

"அப்புறம்?" என்றார் மாமா. அவருடைய கிண்டல் எங்கோ போயிருந்தது.

"அப்புறம் என்ன. சித்தி திரும்பிப் பார்க்குது. இறக்கி வச்ச கண்ணாடி ரெண்டும்... மேல ஏறி இருக்கு. முழுசா. வண்டியை நிறுத்திட்டுக் கதவைத் திறக்குது. வரல. தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. கண்ணைச் சொக்குது. ரேடியோல அந்தப் பொம்பளை நிதானமா பாடிட்டு இருக்கா. சித்தி ரெண்டு காலையும் தூக்கி உதைச்சிருக்கு பாருங்க... கதவு திறந்து அப்படியே ரோட்டுல போய் விழுந்துச்சு. விழுந்ததும் இன்ஜின் சத்தம் கேக்குது. தவளை கத்துறது கேக்குது. விடிஞ்சப்புறம் பேக்கரி ஓனர் வந்து பார்த்தா, கதவிடுக்கு முழுக்க ஈரத்துணி. திணிச்சு வைக்கல. அழகா நாலா மடிச்சு, மடிப்பு கலையாம, வரிசையா வச்சிருக்கு. தொட்டா... சூடு."

டீச்சர் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "சித்தி இப்ப எப்படி இருக்காங்க?"

"இருக்கு. ஆனா வேன் ஓட்டறதில்ல. வீட்டுல ஒரு ஜன்னலைச் சாத்த விடறதில்லையாம். மழை உள்ள அடிச்சாலும் சரி. சித்தப்பா குடை பிடிச்சுட்டுச் சாப்பிடறார்."

இதற்கு யாராவது சிரித்திருக்க வேண்டும்.

"அது என்ன பாட்டாம்?" என்று டீச்சர் கேட்டாள்.

"முழுசா ஞாபகம் இல்லைன்னுச்சு. ஏதோ காலரு... காலரை மடிச்சா காலமும் மடியுதுன்னு..."

"ஏய்." டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அது அந்த இஸ்திரிக் கடைப் பொண்ணு பாட்டுடா. மில் ரோட்டு வளைவுல இருந்தாளே. நான் துணி கொடுக்கப் போறப்ப பாடுவா. ரேடியோக்குக் கொடுக்கப் போறேன் டீச்சர்னு சொன்னாளே!" அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட வந்தாளா இல்லையா?"

"வந்தா," என்றாள் அக்கா. அதை மறுக்க முடியாது. அந்தப் பெண் படியேறி வந்ததை மாமாவே பார்த்திருக்கிறார்.

"அவளா?" டப்பாவின் குரல் இறங்கிவிட்டது. இவ்வளவு நேரம் விளையாட்டாகத் தூக்கிக்கொண்டு திரிந்த பொருள் கனக்கத் தொடங்கியது போலிருந்தது. "சாமி சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. சித்தி சொன்னதைத்தான் சொன்னேன். அதுவும்... 'அக்கா'ன்னு கூப்பிட்டாளே, சித்தியைத்தான் கூப்பிட்டான்னு நினைச்சேன்."

மாமா டார்ச்சின் மேலிருந்த பாட்டிலை எடுத்தார். வெளிச்சம் நேராகக் கூரையில் அடித்து, நாலு முகங்களிலும் வழிந்தது. அவர் அக்காவைக் குற்றம் சாட்டுகிறவர் மாதிரி பார்க்கவில்லை. உடம்பு சரியில்லாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏம்மா. அந்தப் பொண்ணு பாட்டு நம்மகிட்ட இருக்கா? இருந்தா போட்டுடுவோம். நாளைக்குக் கரண்டு வந்ததும் முதல் வேலையா போட்டுடுவோம். அதைத்தானே கேட்டுச் சுத்துது, பாவம்."

"ஆமாக்கா," என்றாள் டீச்சர். "ஒரு தடவை காத்துல வந்துட்டா அடங்கிடும்."

அடங்கிவிடும். அதுவா அவளுக்குத் தெரியாது? பாட்டைப் போட்டால், முன்னால் இருக்கும் வாக்கியமும் சேர்ந்து போகும். வெட்ட முடியாத வாக்கியம். எந்த அக்கா, எதைச் சாத்தச் சொன்னாள் என்று ஊர் கேட்கும். சலூனில் கேட்கும், பேக்கரியில் கேட்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு நின்ற அந்த அண்ணன் வீட்டில் கேட்கும். அன்று மாலை இந்த அறை காலியாக இருந்ததும் ஒரு நாள் வெளியே வரும். அப்புறம் இந்த நிலையத்துக்கு எந்தத் தாய் தன் பிள்ளையைப் பாட அனுப்புவாள்? இவனைப் போல எத்தனை டப்பாக்கள் இன்னும் வரவேண்டியிருக்கிறது... இல்லை. அதுவும் வக்காலத்துதான். நிலையத்துக்காக ஒன்றும் இல்லை. தனக்காகத்தான். தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் போய்விடும் என்பதற்காக.

அண்ணனிடம் சொன்ன அதே சொல் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தாள்.

மழை நின்றது.

நிற்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு கோடும் தெளிவாகத் தெரிந்தது. சத்தம்தான் போயிருந்தது. டப்பா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், உதடு அசைந்தது. மாமா இருமினார், தோள் குலுங்கியது, இருமல் கேட்கவில்லை. அவர்களுக்கு ஒன்றும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மட்டும் இரண்டு விரலால் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டு, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள்.

வாசனை வந்தது. ஈரத்துணி. அதன்மேல் சூடு.

அக்கா திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை. தோளுக்கு அருகில், கம்பளத்தில், யாரோ காலை மடித்து அடக்கமாக உட்கார்ந்திருக்கும் கதகதப்பு தெரிந்தது.

"அக்கா." படியேறி வந்த மூச்சு இன்னும் முழுதாக அடங்காத குரல். "பாடி முடிச்சு ரொம்ப நேரமாச்சுக்கா. இனிமே திறந்துடட்டுமா?"

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். அழுகை இருந்திருந்தால்கூட. இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டு, அடுத்து என்ன சொல்வார்கள் என்று காத்திருக்கும் குரல். சாத்து என்று சொன்னவள், எப்போது திறக்கலாம் என்று சொல்லவில்லை. அந்தப் பெண் இத்தனை நாளாக அதற்காக உட்கார்ந்திருக்கிறாள். வேன் வேனாக ஏறி இறங்கிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

திற. ஒரு சொல் போதும்.

டீச்சரின் தலை மெல்ல டப்பாவின் தோளில் சாய்ந்தது. மாமா கண்ணைக் கசக்கிக்கொண்டு, பதிலுக்காக அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப வேண்டாம்மா," என்றாள் அக்கா, மிக மெல்ல. "இன்னும் கொஞ்ச நேரம் சாத்தியே இருக்கட்டும்."